மரத்தால் செய்ததெல்லாம் 44 அல்ல: சிறு மரச் சாமான் இறக்குமதிக்கு எச்.எஸ். குறியீடு பார்க்கும் முறை

காத்தான்குடியிலோ கல்முனையிலோ பரிசுப் பொருள் கடை வைத்திருப்பவர்கள், அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சுற்றுலாப் பயணிகளை நம்பிக் கடை போட்டிருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து மரச் சாமான் எடுக்க நினைத்தால் முதலில் விலை விசாரிப்பார்கள், அடுத்ததாகக் கப்பல் கூலி. சாமானை வகைப்படுத்தும் சுங்க எண்ணான எச்.எஸ். குறியீடு ஞாபகத்துக்கு வருவது சாமான் கொழும்பில் இறங்கி, கிளியரிங் முகவர் தொலைபேசியில் கேட்கும்போதுதான். அதற்குள் பட்டியல் எழுதியாகிவிட்டது, காசும் போய்விட்டது, திருத்த இடமில்லை. குறியீடு பார்ப்பது ஓடர் கொடுப்பதற்கு முந்திய வேலை. எவ்வளவு வரி, அனுமதிப்பத்திரம் தேவையா, இந்திய ஒப்பந்தச் சலுகை கிடைக்குமா என்ற மூன்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது எந்தச் சாமான் வரலாம், எது வரக்கூடாது என்று வர்த்தமானியில் போட்டதும் எச்.எஸ். குறியீட்டின்படிதான்.

எண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உபதலைப்பு. இந்த ஆறும் உலக சுங்க அமைப்பின் முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளிலும் ஒன்றே. இலங்கை அதன்பின் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்குகிறது. ஆகவே சென்னை வியாபாரி தரும் குறியீட்டின் முதல் ஆறை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டை இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள தேசிய இறக்குமதித் தீர்வை வழிகாட்டியில்தான் பார்க்க வேண்டும். இந்தியாவின் எட்டு இலக்கமும் நம்முடைய எட்டு இலக்கமும் ஒன்றல்ல. விற்பவர் சொன்ன எண்ணை அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

வகைப்படுத்துவதற்கு ஆறு பொது விதிகள் உண்டு. முதல் விதியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்: தலைப்பின் வாசகத்தையும், அத்தியாயத்தின் தொடக்கத்திலுள்ள குறிப்புகளையும் படித்து அதன்படி முடிவு செய். அத்தியாயத்தின் பெயர் வெறும் அடையாளம். "மரமும் மரப் பொருட்களும்" என்று 44 ஆம் அத்தியாயத்துக்குப் பெயர் இருப்பதால் மரத்தால் செய்ததெல்லாம் அங்கே போகாது. அந்த அத்தியாயத்தின் முதலாம் குறிப்பு ஒரு நீளமான விலக்குப் பட்டியல். அதைப் படிக்காமல் 44 க்குள் காலை வைக்காதீர்கள்.

முதலில் வெளியே போகிறவற்றைப் பிரியுங்கள்

சாமான் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் "இது எதற்கு?" என்று கேளுங்கள். "எதால் செய்தது?" என்பது இரண்டாவது கேள்வி.

விளையாட்டுச் சாமான் 9503. சன்னபட்டணத்து மரப் பொம்மை, சக்கரம் வைத்த யானை, எந்தப் பொருளாலான புதிர்க்கட்டையும் இங்கேதான். கரம் போர்ட், சதுரங்கம், பல்லாங்குழி 9504. நாற்காலி, முக்காலி 9401. மேசை, அலுமாரி 9403. விளக்கு 9405. மணிக்கூட்டு இயந்திரம் பொருத்திய சுவர்க் கடிகாரம் 9105, சட்டம் எவ்வளவு அழகான தேக்காக இருந்தாலும். கைத்தடி 6602. சீப்பும் கொண்டை ஊசியும் 9615. பொத்தான் 9606. மூங்கில் பல்துலக்கி உட்படத் தூரிகை வகை 9603. கண்ணாடியோடு சட்டமிட்டு வரும் முகம் பார்க்கும் கண்ணாடி 7009. அதே சட்டம் வெறுமையாக வந்தால் 4414. பிரம்பாலோ மூங்கில் கீற்றாலோ ஓலையாலோ பின்னிய கூடை, தட்டு 4602. பின்னிய இடியப்பத் தட்டு இங்கேதான் போகும், மரத்தால் குடைந்த இடியப்ப உரல் 44 க்குள் நிற்கும். ஒரே அடுப்படியில் அருகருகே இருக்கும் இரண்டு சாமானுக்கு இரண்டு அத்தியாயம்.

மாலைகளில் கவனம் தேவை. இப்போது கருங்காலி மாலைக்கு நல்ல கேள்வி இருக்கிறது. கழுத்திலோ கையிலோ அணிவதற்காகக் கோத்து முடித்த மர மணி மாலையும் மர வளையலும் போலி நகை, 7117. ஆனால் தஸ்பீஹும் செபமாலையும் அணிகலன் அல்ல. 71 ஆம் அத்தியாயக் குறிப்புகள் பிரார்த்தனை மணிகளை அணிகலனிலிருந்து பிரித்து "உடன் கொண்டுசெல்லும் பொருள்" என்ற வகையில் வைக்கின்றன. போலி நகை என்ற வரையறை அந்த வகையைச் சேர்ப்பதில்லை. எனவே மரத் தஸ்பீஹுக்கு 44 க்குள்ளேயே இடம் தேட வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் "மர மாலை, 500" என்று எழுதிவிட்டால் சுங்க உத்தியோகத்தர் எதை நம்புவது?

மரப்பிடி போட்ட கத்தி, சுத்தியல் போன்றவற்றில் வேலை செய்யும் முனை உலோகம். அவை 82. முழுக்க மரத்தாலான கொட்டாப்புளியும், தனியாக வரும் கருவிப் பிடிகளும் 4417. தேங்காய்த் துருவலையில் பலகை பெரிதாக இருந்தாலும் துருவுவது இரும்புப் பல். அதற்கும் 82 ஐ முதலில் பாருங்கள்.

44 க்குள் மிஞ்சியவை

சிறு சாமான் வியாபாரிக்கு நான்கு தலைப்புகள்தான் அடிக்கடி தேவைப்படும்.

4414: படம், புகைப்படம், கண்ணாடி ஆகியவற்றுக்கான மரச் சட்டங்கள்.

4419: சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக்கும் உரியவை. அகப்பை, தட்டம், கிண்ணம், மாவுருட்டும் கட்டை, வெட்டுப்பலகை, அஞ்சறைப் பெட்டி, உலக்கை, பரிமாறும் தட்டு எல்லாம் இதற்குள். மூங்கில் வெட்டுப்பலகைக்கு 4419.11, மூங்கில் சாப்பாட்டுக் குச்சிக்கு 4419.12, மற்ற மூங்கில் சாமானுக்கு 4419.19, வெப்பமண்டல மரத்தாலானவைக்கு 4419.20, ஏனையவை 4419.90.

4420: சிற்பம், அலங்காரப் பொருள், நகைப்பெட்டி, கரண்டிப்பெட்டி, உட்பதித்த மர வேலைப்பாடு, இவற்றோடு 94 இல் அடங்காத சிறு தளபாடமும். இந்தக் கடைசித் துண்டைப் பலர் கவனிப்பதில்லை. சுவரில் மாட்டும் தொப்பி மாட்டி, கடிதத் தட்டு, பேனாத் தட்டு, சாம்பல் கிண்ணம் ஆகியவை இதற்குள் வரும். சிற்பமும் அலங்காரமும் வெப்பமண்டல மரமானால் 4420.11, இல்லையேல் 4420.19. மற்றவை 4420.90.

4421: மேலே எதிலும் சேராத மரப் பொருள். உடுப்பு மாட்டி 4421.10 என்று தனியாக இருக்கிறது. உடுப்புக் கவ்வி, பற்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி போன்றவை மூங்கிலானால் 4421.91, வேறு மரமானால் 4421.99.

4421 ஒரு கடைசிப் புகலிடம். தெரியாததையெல்லாம் அதற்குள் தள்ளும் பழக்கம் சில முகவர்களிடம் இருக்கிறது. முன்னுள்ள தலைப்புகள் எல்லாவற்றையும் பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகே அங்கே வர வேண்டும்.

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாலான சாமான் மரமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அத்தியாயத்தின் மூன்றாம் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது: 4414 முதல் 4421 வரையான தலைப்புகள் துகள்பலகை, நார்ப்பலகை, ஒட்டுமரம் ஆகியவற்றால் செய்த பொருட்களுக்கும் அப்படியே பொருந்தும். ஆறாம் குறிப்பின்படி மூங்கிலும் மரமாகவே கணக்கு, வேறு குறிப்பு விலக்காத வரை.

நகைப்பெட்டி: ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

கல்யாண வீட்டுக்கு வாங்கும் நகைப்பெட்டியை எடுங்கள். கடையில் நான்கு மாதிரி இருக்கும், நான்கும் ஒரே அளவு.

முதலாவது மெருகேற்றிய மரம், உள்ளே வெல்வெட் ஒட்டியது. வெல்வெட் உட்புறத்தில்தான் இருக்கிறது, வெளியே மரம். இது 4420. இரண்டாவதற்கும் உடல் மரமே, ஆனால் வெளிப்பக்கம் முழுக்க வெல்வெட் சுற்றியிருக்கிறது. இது 4202. அந்தத் தலைப்பின் இரண்டாம் பகுதி, தோல், பிளாஸ்டிக் தாள், துணி, காகித அட்டை ஆகியவற்றால் செய்த நகைப்பெட்டியையும், முழுமையாகவோ பெரும்பாலுமோ அவற்றால் மூடிய நகைப்பெட்டியையும் எடுத்துக்கொள்கிறது. 4202 இல் சேர்வதை 44 இன் முதலாம் குறிப்பு விலக்கிவிடுகிறது. மூன்றாவது எம்.டி.எஃப். பெட்டி, மேலே பூப்போட்ட அச்சுக் காகிதம் ஒட்டியது. இதுவும் 4202 தான், ஏனென்றால் மூடும் பொருட்களில் காகிதத்தையும் அந்த வாசகம் சேர்த்திருக்கிறது. நான்காவது, எம்.டி.எஃப். மேல் நேரடியாக வர்ணம் பூசியது. வர்ணம் மூடுதுணி ஆகாது, 4420.

மூக்குக் கண்ணாடிக் கூடு, கமராக் கூடு, வயலின் பெட்டி ஆகியவை 4202 இன் முதல் பகுதியில் வருகின்றன. அந்தப் பகுதிக்குப் பொருள் எதுவென்ற கட்டுப்பாடு கிடையாது. ஆகவே தூய மரத்தாலான கண்ணாடிக் கூடும் 4202 க்கே போகும்.

இதனால்தான் விற்பவரிடம் முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு குறியீடு சொல்ல முடியாது. மூடியைத் திறந்து ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, மூலையில் பூச்சு தெரியும்படி ஒன்று கேளுங்கள்.

தடுமாற வைக்கும் மற்றவை

சிறிய யானை உருவம். மேசையில் வைத்துப் பார்ப்பதற்கானால் 4420, பிள்ளை இழுத்து விளையாடுவதற்கானால் 9503. சக்கரம், கயிறு, வயது குறித்த பெட்டி எல்லாம் விளையாட்டுச் சாமான் என்பதற்கு அடையாளம். அறுகம்பையில் விற்கும் சர்ஃப் பலகை வடிவச் சுவர் அலங்காரம் கடலில் ஓட்டுவதற்கல்ல, அது 4420. உண்மையான சர்ஃப் பலகை 9506.

சுவரில் பொருத்தும் தட்டு. தளபாடம் என்றால் பொதுவாக நிலத்தில் நிற்க வேண்டும். ஆனால் 94 ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு அலுமாரி, புத்தகத் தட்டு போன்றவற்றுக்கு விலக்கு கொடுக்கிறது: சுவரில் தொங்கினாலும், தாங்கியோடு வரும் ஒற்றைத் தட்டாக இருந்தாலும் 9403. கொக்கி மட்டும் வைத்த சாவி மாட்டி அந்த விலக்குக்குள் வராது, 4420.90 தான்.

கழற்றி அட்டைப்பெட்டியில் வரும் தட்டு. இரண்டாம் பொது விதி: கழற்றி வந்தாலும் பூட்டிய பொருளாகவே கணக்கு. பலகைகளைத் தனியாகவும் தாங்கிகளைத் தனியாகவும் எழுதிக் குறைந்த வரி தேடுவது வேலைக்காகாது.

மரத் தட்டும் பீங்கான் கோப்பைகளும் சேர்ந்த பரிசுப் பெட்டி. சில்லறை விற்பனைக்கென்று ஒன்றாகக் கட்டிய தொகுதிக்கு மூன்றாம் விதி, அதாவது அதன் முக்கிய இயல்பைத் தருவது எது என்று பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் ஏற்றி வந்தது மட்டும் தொகுதியாகாது.

குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கும் மடக்குப் பலகை. செதுக்கு வேலை எவ்வளவு, நிலத்தில் நிற்கும் உயரமா என்பதைப் பொறுத்து 4420, 4421, 9403 என்று மூன்று பக்கமும் வாதம் எழும். இப்படிப்பட்ட சாமானைப் பெருந்தொகையாக எடுப்பதானால், ஓடருக்கு முன்பே சுங்கத் திணைக்களத்திடம் முன்கூட்டிய வகைப்படுத்தல் முடிவு கேட்டு எழுதுங்கள். மாதிரி, படம், அளவு, எந்த மரம், எப்படி விற்கப்போகிறீர்கள் என்ற விபரம் எல்லாம் இணைக்க வேண்டும். வாய்வார்த்தையாக "இது அதுதான்" என்று யார் சொன்னாலும், சோதனை மேசையில் அது நிற்காது.

எந்த மரம் என்பதை ஏன் கேட்கிறார்கள்

உபதலைப்பு பிரிப்பதற்கு ஒருபுறம், மரத்தின் பாதுகாப்பு நிலைக்கு மறுபுறம். இந்தியாவில் சகாரன்பூர் செதுக்கு வேலைகளில் பெரும்பகுதி ஷீஷம் மரம். அது டல்பெர்ஜியா இனம். 2017 ஜனவரி 2 முதல் அந்த இனம் முழுவதும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது (பிரேசில் ரோஸ்வுட் முதலாம் பட்டியலில்). முடிவுற்ற பொருள் ஒவ்வொன்றிலும் அந்த மரம் 10 கிலோ வரை என்றால் விலக்கு உண்டு. அதற்கு மேல் போனால் இந்தியப் பக்கத்திலிருந்து ஆவணம் வர வேண்டும். அங்கே கைவினைப் பொருள் ஏற்றுமதிச் சபை 'விருக்ஷ்' என்ற சான்றிதழ் கொடுக்கிறது. செஞ்சந்தனமும் இரண்டாம் பட்டியலில்தான். பட்டியலில் "இந்தியன் ரோஸ்வுட்" என்று அழகுக்காக எழுதிவிட்டு, சாமான் மாமரமாக இருந்தாலும் தொல்லை உங்களுக்குத்தான். தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மரப்பட்டையோடு வரும் அலங்காரத் துண்டுகளைத் தவிர்ப்பது நல்லது. பட்டைக்குள் பூச்சி இருந்தால் தாவரத் தொற்றுத்தடுப்பில் சிக்கும். சாமானைச் சுற்றிவரும் மரப்பெட்டிக்கும் பலட்டுக்கும் மரப் பொதிகளுக்கான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதியான ஐ.எஸ்.பி.எம். 15 இன் முத்திரை வேண்டும்: மரத்தின் நடுவில் 56 பாகை செல்சியஸ் 30 நிமிடம் சூடேற்றியதற்கு எச்.டி. என்ற அடையாளம் இருக்கும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கும், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய பலகைக்கும் இது தேவையில்லை. விற்பவரிடம் அட்டைப்பெட்டியிலோ ஒட்டுப்பலகையிலோ கட்டச் சொன்னால் இந்தத் தலைவலியே இல்லை.

பட்டியலை எழுதும் விதம்

"வுடன் கிஃப்ட் ஐட்டம்ஸ், 12 பெட்டி" என்று எழுதிய வணிகப் பட்டியல் சிவப்பு வழிக்குக் கைகாட்டும். பெட்டி திறப்பார்கள், எண்ணுவார்கள், நாள் போகும், களஞ்சியக் கட்டணம் ஏறும். ஒரு வரிக்கு ஒரு வகைச் சாமான். ஒவ்வொரு வரியிலும் என்ன பொருள், எந்த மரம், மேற்பூச்சு, சென்ரிமீற்றரில் அளவு, எண்ணிக்கை, தனி விலை, தேறிய நிறை ஆகியவை இருக்க வேண்டும். "மாமர வெட்டுப்பலகை, எண்ணெய் பூசியது, 30 க்கு 20 சென்ரிமீற்றர், 100 துண்டு, 85 கிலோ" என்பது போல. பொதிப் பட்டியலில் எந்தப் பெட்டி எண்ணுக்குள் எந்த வரி என்றும் வரட்டும்.

தேறிய நிறையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், சுங்கத் தீர்வைக்கு மேலாக அறவிடும் செஸ் வரி சில குறியீடுகளில் "இத்தனை சதவீதம் அல்லது கிலோவுக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது" என்று இருக்கிறது. விளக்கத்துக்காக எண் எடுப்போம்: சி.ஐ.எஃப். பெறுமதி (சாமான் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது) 200,000 ரூபாய், நிறை 400 கிலோ, செஸ் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தில் 50,000, கிலோவில் 80,000. கட்டுவது 80,000. மலிவான, பாரமான மரச் சாமானுக்கு இதுதான் இலாபத்தைத் தின்னுவது. பெட்டி நிறையோடு சேர்த்து எழுதினால் அட்டைக்கும் வைக்கோலுக்கும் வரி கட்டுவீர்கள்.

வரியைக் கூட்டும்போது சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு, வற் என்று ஒவ்வொன்றும் தனி நிரலில் வரும். வற் கணக்கிடும் அடித்தொகை வெறும் சி.ஐ.எஃப். அல்ல, அதோடு 10 சதவீதமும், தீர்வையும், செஸ்ஸும், துறைமுக அறவீடும் சேரும். ரூபாய்ப் பெறுமதிக்குச் சுங்கம் வாரந்தோறும் வெளியிடும் நாணய மாற்று வீதத்தையே எடுக்க வேண்டும், வங்கி வீதத்தை அல்ல. வீதங்கள் வர்த்தமானியால் மாறுபவை. ஓடர் கொடுக்கும் நாளிலும் கப்பல் வரும் கிழமையிலும் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள்.

இந்தியச் சலுகை

இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சலுகை கேட்க, இந்தியாவில் வழங்கிய உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் வேண்டும். பொருளில் குறைந்தது 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்ந்திருக்க வேண்டும். மூலப்பொருளின் நான்கு இலக்கத் தலைப்பு மாறியிருக்கவும் வேண்டும். சான்றிதழிலுள்ள குறியீடும் உங்கள் சுங்கப் பிரகடனத்திலுள்ள குறியீடும் முரண்பட்டால் சலுகை கைவிட்டுப் போகும். சான்றிதழ் எடுக்க முந்தியே இரண்டு பக்கமும் ஆறு இலக்கத்தில் ஒத்துப்போங்கள்.

சென்னை பாரிமுனை மொத்தக் கடையில் வாங்கும் மூங்கில் சாமானில் சீனத்தில் செய்ததும் இருக்கும். இந்தியாவிலிருந்து ஏற்றினாலும் அது இந்தியப் பொருளாகாது. அத்துடன் அங்குள்ள கடைக்கு ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர் பில் தரலாம், ஏற்றுமதி செய்ய முடியாது.

கொழும்பில் நடப்பது

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கம் எடுத்து, சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிந்த பிறகே பிரகடனம் போடலாம். துறைமுகத்தில் எல்லோரும் "கஸ்டெக்" என்று சொல்லும் அந்தப் பிரகடனத்தை முகவர் அசிகுடா கணினி முறையில் ஏற்றுவார். ஏற்ற முதல் அதன் வரைவைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி குறியீட்டைப் பாருங்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டே வட்ஸ்அப்பில் பார்க்கக்கூடிய வேலைதான் இது. முகவர் தட்டெழுதினாலும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. 1869 ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டப்படி, பிரகடனத்தோடு ஒத்துவராத சாமான் பறிமுதல் வரை போகலாம்.

முகவர் "எல்லாத்தையும் 4421 இல போடுவம், லேசா முடியும்" என்றால் சம்மதிக்காதீர்கள். உத்தியோகத்தர் வேறு குறியீடு சொன்னால் எந்தக் குறிப்பின்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்களிடம் படமும் அத்தியாயக் குறிப்பின் பிரதியும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பொதுவாக அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் ஒத்துக்கொண்டு மேலதிக வரியைக் கட்டுவதே களஞ்சியக் கட்டணத்தைவிட மலிவு.

ஒவ்வொரு அனுப்புகைக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: படங்கள், பட்டியல், கஸ்டெக், சான்றிதழ், குறியீட்டை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்ற இரண்டு வரி. சாமான் வெளியே வந்த பிறகும் கணக்காய்வு வரலாம். அடுத்த தடவை அதே சாமானை எடுக்கும்போது பழைய குறியீட்டை அப்படியே பார்த்தெழுத வேண்டாம். இப்போது நாம் பாவிப்பது 2022 ஆம் ஆண்டுப் பதிப்பு. அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வருகிறது. அந்த நாளைத் தாண்டி இறங்கும் ஓடரானால், கப்பல் ஏறுமுன்பே ஒவ்வொரு வரியின் எண்ணையும் புதிய பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.